சாரத்துக்குப் போன புல்லட்

என் அப்பா பாலகுரு விசைப்படகு டிரைவர். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. இன்ஜின் பாலு என்றால் தெரியும். நடுக்கடலில் நின்றுபோன இன்ஜினைக் கையில் கிடைத்ததை வைத்து ஓட்டிக் கரை சேர்ப்பவர் என்று பெயர். ஒருமுறை பெல்ட் அறுந்தபோது வலைக் கயிற்றை மூன்று புரியாகப் பின்னிப் போட்டு வந்து சேர்ந்தார். படித்தது ஐந்தாவது வரை. என்னை மெக்கானிக்கல் டிப்ளமோ சேர்த்தது அவர்தான். "பொம்பளப் புள்ளய டீச்சருக்குப் படிக்க வையி" என்றவர்களிடம், "அதுக்கு ஸ்பேனர் புடிக்க வருது. சாக்பீச வெச்சிக்கினு என்னா பண்ணப் போவுது?" என்றார். நான் ஓசூரில் கம்ப்ரசர் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன்.

2007 தை மாதம் அம்மா இறந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. அப்பா அப்போது ஆழ்கடலில் இருந்தார். ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தோம். கரைக்கு வந்தவர் அதற்குப் பிறகு படகில் ஏறவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அம்மா அங்கம்மாள் மீன் விற்றவள். விடியும்போது ஏலத்தில் எடுப்பாள். அன்னக்கூடையில் அடுக்கி, டெம்போவில் ஏறி, நகரத்துக்குள் சாரம் என்ற பகுதியில் இறங்குவாள். அங்கே சில தெருக்கள் அவளுடையவை. எங்கள் பெண்களுக்குள் அப்படி ஒரு முறை இருக்கிறது. ஒருத்தி விற்கும் தெருவில் இன்னொருத்தி கூடையை இறக்க மாட்டாள். விற்றவள் போய்விட்டால் தெரு மகளுக்குப் போகும், அல்லது மருமகளுக்கு. இருவரும் இல்லையென்றால் காரியம் முடிந்த பிறகு வேறொருத்தி வந்து கேட்டு எடுத்துக்கொள்வாள். நான் ஒரே பிள்ளை.

காரியம் முடிந்த மறுநாள் வேம்பு வந்தாள். அம்மாவோடு ஒரே டெம்போவில் போய் வந்தவள். அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"கேக்கறதுக்கு வாயே வரலண்ணே. அக்கா தெருவுங்க சும்மா கெடக்குது. யார் யாரோ வண்டில எடுத்தாந்து வித்துட்டுப் போறாங்க. வூட்ல யாரும் பாத்துக்கலன்னா நான் பாத்துக்கறேன்."

"நான் பாத்துக்கறேன்" என்றார் அப்பா.

"யாரு, நம்ம அபியா?"

"நான்."

அம்மாவின் தம்பி கலியமூர்த்தி மாமா வாசலில் நின்றிருந்தார். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "மாமா, நீ மீனப் புடிச்சிருக்க. வித்திருக்கியா? இந்த மூஞ்சிய வெச்சிக்கினு வாசல்ல நின்னா கடன் வசூலுக்கு வந்துட்டான்னு கதவச் சாத்திடுவாங்க."

"கத்துக்கறேன்."

"நல்ல நூல் பொடவையா ஒண்ணு எடுத்தாரட்டா?"

வேம்பு சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. எங்கள் ஆட்களில் ஆண் கடலுக்குப் போவான், ஏலம் கூவுவான், வலை பின்னுவான். தெருத்தெருவாக மீன் விற்க மாட்டான். அப்பாவுக்கு இது தெரியாதது அல்ல.

"பங்குனி வரைக்கும் பாக்கறேண்ணே" என்றாள் வேம்பு. "ஒழுங்காப் போய் வந்தா உன்னுது. இல்லன்னா எனக்கு விட்டுடு. எனக்கும் புள்ளைங்க இருக்குது."

அதில் தவறு ஒன்றும் இல்லை. அம்மாவின் தெருக்கள் எங்களிடம் நிற்பதும் கைவிட்டுப் போவதும் அப்பா தினமும் நேரத்துக்குச் சாரம் போய்ச் சேர்வதில் இருந்தது. போவதற்கு அவரிடம் இருந்தது புல்லட்.

அது 1968 மாடல். போலீஸ் ஏலத்தில் எடுத்தது. ஒற்றை சிலிண்டர், இரும்பு பிளாக். சுனாமி அன்று துறைமுகத்தில் நின்றிருந்தது. கடல் அதைத் தூக்கிப் போய் வலைக்கூடத்துச் சுவரில் சாத்திவிட்டுப் போனது. இன்ஜின் முழுக்க உப்புத் தண்ணீரும் மணலும். அப்பா அதைத் தானே பிரித்துக் கழுவி, தானே திரும்பக் கட்டினார். அப்போது நான் ஓசூரில் இருந்தேன். அதற்குப் பிறகு அது வீட்டிலிருந்து துறைமுகம் வரை ஓடும், திரும்பி வரும். அதற்கு மேல் யாரும் அதனிடம் எதையும் கேட்கவில்லை.

சாரம் அதற்கு மேல் இருந்தது.

பின்சீட்டில் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு போன முதல் நாள் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டாம் நாள் பாதி வழியில் மீனை டெம்போவில் ஏற்றிவிட்டு வண்டியோடு உட்கார்ந்திருந்தார். கைலி முழுக்க எண்ணெய். இன்ஜினில் எண்ணெய் கசியாத இணைப்பே இல்லை. மூன்றாம் நாள் ஒரு வீட்டில் கோலத்தின் மேல் எண்ணெய் சொட்டி, அந்த அம்மா விளக்குமாற்றோடு வந்ததாக அவரே சொன்னார். சிரிப்பதற்காகச் சொன்னார் என்று நினைக்கிறேன். நாங்கள் சிரிக்கவில்லை.

நான் விடுப்பை நீட்டிக்கொண்டேன்.

"அப்பா, இன்ஜினப் பிரிச்சிப் பாக்கட்டா?"

"நான் கட்டுன இன்ஜினு அது."

"அதனாலதான் கேக்கறேன்."

"பிரி. எங்கிட்டக் கேக்காம எதையும் தூக்கிப் போடாத."

வாசலில் தார்ப்பாயை விரித்து இன்ஜினை இறக்கினோம். அப்பா கவிழ்த்த மீன்பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டார். நான் ஒவ்வொன்றாகக் கழற்ற, அவர் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார்.

சிலிண்டர் தலையின் நட்டுகள் அசையவில்லை. அசைந்த ஒன்று அடியிலிருந்த அலுமினிய மரையையும் பிடுங்கிக்கொண்டு வந்தது.

"ஸ்பேனர்ல பைப் சொருகி இறுக்குனியா?"

"பின்ன? படகு இன்ஜினுக்கு ரெண்டு பேரு தொங்குவோம்."

"அது ஆறு சிலிண்டரு. இது ஒத்த சிலிண்டரு."

"ஒத்தைன்னா தொங்கக் கூடாதா?"

பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் பாயிண்ட் மூடியைத் திறந்தேன். உள்ளே கிரீஸ். பாயிண்டின் இரண்டு முனைகள் மேலேயும் அப்பியிருந்தது. அது சுத்தமாக இருந்தால்தான் மின்சாரம் ஒழுங்காகப் போகும். "உப்புக் காத்து பட்டா பச்ச புடிச்சிடும்ல?" என்றார். வால்வைத் தள்ளும் கம்பிகளில் டீசல் இன்ஜினுக்கு விடுவதுபோல நல்ல இடைவெளி விட்டிருந்தார். புல்லட்டில் இன்ஜின் ஆறியிருக்கும்போது அந்தக் கம்பி விரலால் சுற்றினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. "டக்குடக்குன்னு பேசுனாத்தான் வால்வு வேலை செய்யுதுன்னு தெரியும்" என்றார். இணைப்புகள் எல்லாவற்றிலும் கசிவை அடைக்கும் பேஸ்ட். வெளியே வழிந்தது போக உள்ளேயும் வழிந்து, உருண்டைகளாகி, எண்ணெய் ஃபில்டரில் போய் உட்கார்ந்திருந்தது. எண்ணெய் போதாமல் பிஸ்டன் பக்கவாட்டில் கீறியிருந்தது.

எண்ணெய் ஏன் எல்லாப் பக்கமும் வெளியே வருகிறது என்பது மட்டும் புரியவில்லை. இவ்வளவு பேஸ்ட் போட்ட பிறகு ஒரு பக்கமாவது நின்றிருக்க வேண்டும்.

பிறகு இன்ஜினைத் திருப்பி வைத்தபோது பார்த்தேன். பிஸ்டன் கீழே இறங்கும்போது அடியில் இருக்கும் காற்று வெளியேற ஒரு குழாய் உண்டு. அதன் வாயில் ஒரு மரக்கட்டை. அழகாகச் சீவி, துணி சுற்றி, தார் பூசி, சுத்தியால் அடித்து இறக்கியிருந்தார். படகில் ஓட்டை அடைப்பது போல.

"அப்பா, இது என்னா?"

"அதுவழியாத்தான் அன்னிக்கு கடலு உள்ள பூந்துச்சு."

அவர் குரலில் சந்தேகமே இல்லை. நான் கட்டையைப் பிடுங்கவில்லை. குழாயைக் காட்டி, பிஸ்டனைக் கையால் மேலும் கீழும் நகர்த்தி, காற்றுக்குப் போக வேறு வழி இல்லை என்று சொன்னேன். வழி இல்லாத காற்று எண்ணெயைத் தள்ளிக்கொண்டு எந்த இணைப்பு வழியாகவாவது வெளியே வரும். அங்கே பேஸ்ட் போட்டால் அடுத்த இணைப்புக்குப் போகும்.

அப்பா குனிந்து பார்த்தார். "ரெண்டு வருசமா நான் அத அடைச்சிக்கினே வரேன்."

"ஆமாம்."

"அதுவும் வந்துக்கினே இருக்குது."

"ஆமாம்."

"மொதல்லயே சொல்லிருக்கலாம்ல அது?" என்று இன்ஜினைக் காட்டிக் கேட்டார்.

கம்பெனியில் தினமும் பழுது அறிக்கை எழுதுகிறேன். பொருத்தியதில் தவறு என்று ஒரு வகை உண்டு. இங்கே இருந்த தவறுகள் எல்லாமே அந்த வகைதான். ஆனால் ஒவ்வொன்றும் கடலில் சரியானது. அவர் மூழ்காத ஒரு இன்ஜினைக் கட்டியிருந்தார்.

பிளாக்கை லேத் பட்டறையில் கொடுத்துத் துளையைப் பெரிதாக்கினோம். அதற்குப் பொருத்தமாக ஒரு நம்பர் பெரிய பிஸ்டன், புது ரிங்குகள். பிடுங்கிப்போன மரைகளுக்குப் புது மரை. அப்பா நாள்கணக்கில் உட்கார்ந்து பழைய பேஸ்டைச் சுரண்டினார். இணைப்புகளுக்கு நடுவில் வைக்கும் காகிதக் கேஸ்கெட்டுகளை அவரே வெட்டினார். காகிதத்தை விளிம்பின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியால் தட்டிக்கொண்டே போவார். விளிம்பின் வடிவத்தில் காகிதம் தானாகக் கழன்று விழும். அம்மாவைப் பற்றி இருவரும் பேசவில்லை. பேசாமல் இருக்க அந்த வேலை உதவியாக இருந்தது.

நட்டுகளை இறுக்க டார்க் ரெஞ்ச் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். வைத்த அளவு வந்ததும் அது டிக்கென்று ஒலித்தது.

"என்னாங்குது?"

"போதுங்குது."

"கட்டுறவன் நானு. போதும்னு சொல்ல அது யாரு?" என்றார். ஆனால் அடுத்த நட்டில் ஒலி வந்ததும் கையை எடுத்துவிட்டார்.

மூன்றாவது உதையில் இன்ஜின் பிடித்தது. அப்பா மண்டியிட்டு அந்தக் குழாயின் வாயருகே உள்ளங்கையை வைத்தார். "காத்து வருது" என்றார். கையை எடுக்கவே இல்லை. ஆக்சிலேட்டரை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்படியே கொஞ்ச நேரம் ஓடவிட்டோம்.

மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளிச்சம் வரும் முன்பே ஏலத்துக்குப் போனார். உச்சி வேளைக்குத் திரும்பினார். வண்டியில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. பெட்டியில் பாதி மீன் இருந்தது. முதல் நாள் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த நாளும் பாதி இருந்தது. அதற்கடுத்த நாளும்.

"வண்டி சூடாவுது. அதான் திரும்பிட்டேன்" என்றார்.

இன்ஜின் அருகே கை வைத்துப் பார்த்தேன். ஓடி வந்த வண்டிக்கு இருக்கும் சூடுதான் இருந்தது.

வேம்புவைத் துறைமுகத்தில் பார்த்தபோது கேட்டேன். அவள் தயங்கினாள். "நான் சொன்னேன்னு சொல்லாத. அண்ணன் மொதத் தெருவோட நின்னுடறாரு. உள்ளாற போறதே இல்ல. வண்டிய ஓரமாப் போட்டுட்டு சும்மா உக்காந்துக்கினு இருக்காரு. எனக்கே பாக்கக் கஷ்டமாயிருக்குது. ஆனா பங்குனி வந்துடும், பாத்துக்க."

அடுத்த நாள் நானும் வருகிறேன் என்றேன். பெட்டியை டேங்க் மேல் வைத்துக்கொண்டு, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார்.

சாரத்தில் முதல் தெரு. முதல் வீட்டில் ஒரு அம்மா தட்டோடு வந்தார். "அங்கம்மாவுக்கு இப்ப பரவால்லியா?"

"ம்" என்றார் அப்பா.

"டாக்டரு என்னா சொன்னாரு?"

"ரெஸ்ட் எடுக்கச் சொல்லிருக்காரு."

"பாவம், நடந்து நடந்தே ஒடம்பக் கெடுத்துக்கினா. அவசரப்பட்டு வர வேணாம்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

அடுத்த வீட்டிலும் இதே கேள்வி. காய்ச்சலா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். அதற்கடுத்த வீட்டில், குணமானதும் ஒருநாள் கூட்டி வாங்க, பார்க்க வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு வாசலிலும் அம்மாவின் உடம்பு கொஞ்சம் தேறியது. தெரு முடிந்ததும் அப்பா வண்டியை டீக்கடை ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். உள்தெருக்களில் இருப்பவர்கள் அம்மாவை இன்னும் நெருங்கித் தெரிந்தவர்கள். அவர்களிடம் காய்ச்சல் என்று சொல்லி நகர முடியாது. முன்பு வண்டியே நின்றுபோய்க்கொண்டிருந்தது. அந்தத் தெருக்களுக்குப் போக வேண்டிய தேவை வரவில்லை. இப்போது வண்டியை நான் சரிசெய்துவிட்டேன்.

டீ வந்தது.

"ஏம்ப்பா சொல்லல?"

டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "போட்டு கரைக்கு வந்துச்சில்ல அன்னிக்கு. கரைல கயிறப் புடிச்சவன்லேந்து ஐஸ்காரன் வரைக்கும், அங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, வூட்டுக்குப் போ, வூட்டுக்குப் போன்னானுங்க. ஒருத்தனும் சொல்லல. நானும் என்னா ஏதுன்னு கேக்கல. நடந்தே வந்தேன். வூடு வந்து சேர்ற வரைக்கும் அவ உயிரோட இருந்தா."

தெருவின் பக்கம் கையைக் காட்டினார்.

"இங்க இன்னும் இருக்கா அபி. இந்த வூடுங்கள்ள."

ரோட்டில் டெம்போக்கள் போய்க்கொண்டிருந்தன. அம்மா இறங்கும் இடம் எதிரேதான். அப்பாவை விட்டுவிடலாம் என்று தோன்றியது. அவர் கேட்காத ஒன்றை அவரைச் செய்ய வைக்க எனக்கு என்ன உரிமை?

"தெருவ வேம்பக்காகிட்டயே குடுத்துடலாம்ப்பா" என்றேன். "அவங்க வருவாங்க, அவங்களே சொல்லிக்குவாங்க."

அப்பா நிமிர்ந்தார். "வேம்பு எதுக்குச் சொல்லணும்?"

"யாராவது சொல்லித்தான ஆவணும்?"

"செத்தது எம் பொண்டாட்டி. வேம்பு சொல்லுவாளா?"

டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தார். கோபத்தில் இரண்டு முறை உதைத்தும் வண்டி பிடிக்கவில்லை. மூன்றாவதில் பிடித்தது. நான் ஓடிப்போய் ஏறிக்கொள்ள வேண்டியிருந்தது.

நேராகக் கடைசித் தெருவுக்குப் போனார். அங்கே ஒரு பழைய மாடி வீடு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து வந்தவரின் வீடு என்பதால் சொல்தா வீடு என்பார்கள். அந்தச் சொல்தா இறந்து வெகு காலம் ஆகிறது. அவர் மனைவி செல்வாம்பாள் மட்டும் இருந்தார். என் சின்ன வயதிலிருந்தே அம்மா பேச்சில் வந்துபோகிற பெயர். நல்ல மீன் கிடைத்தால் இது செல்வாம்பா அம்மாவுக்கு என்று தனியாக எடுத்து வைப்பாள்.

வண்டிச் சத்தம் கேட்டு அவர் கதவைத் திறந்தார். பெட்டியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அபிதான நீ? அப்படியே அவ மூஞ்சி. எங்க உங்கம்மா? ஆளையே காணோம்?"

அப்பா இன்ஜினை நிறுத்தினார்.

"எறந்துட்டா" என்றார்.

செல்வாம்பாள் கதவைப் பிடித்துக்கொண்டார். "என்னா சொல்ற நீ?"

"அங்கம்மா எறந்துட்டா. தை மாசம். நான் கடலுக்குப் போயிருந்தேன்."

அவர் மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். அப்பா பெட்டியைப் பிடித்தபடி நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கையால் அதன் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"தை மாசமா? இப்ப வந்து சொல்றியா? இத்தினி நாளா அவளத் திட்டிக்கினு இருக்கறேன் நான். சொல்லாமக் கொள்ளாம நின்னுட்டாளே, வேற எடம் பாத்துக்கினாளேன்னு. செத்தவளத் திட்ட வெச்சிட்டியேப்பா!" அழுதார். அழுதுகொண்டே அப்பாவைத் திட்டினார். அப்பா எல்லாவற்றையும் நின்று வாங்கிக்கொண்டார். அவர் கண்ணும் நனைந்திருந்தது. காரியம் நடந்தபோதுகூட நான் அதைப் பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு எதிர்வீட்டிலிருந்தும் பக்கத்து வீட்டிலிருந்தும் வந்தார்கள். ஒருவர் மற்றவருக்குச் சொன்னார். யாரோ என் தலையைத் தடவினார்கள். அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாததெல்லாம் பேசினார்கள். அவள் இந்தத் தெருவில் பாடுவாளாம். வீட்டில் அவள் பாடி நான் கேட்டதில்லை.

வெகுநேரம் கழித்துச் செல்வாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "என்னா மீனு?"

"சங்கரா."

"காட்டு. நேத்து மீனா?"

"காலைல ஏலத்துல எடுத்தது! நேத்து மீன எடுத்துக்கினு நான் எதுக்கு வரேன்?"

"எங்கிட்ட ஏன் கத்தற? அங்கம்மா கத்த மாட்டா. செவுளத் தூக்கிக் காட்டுவா, அவ்ளோதான்."

அப்பா குனிந்து ஒரு மீனின் செவுளைத் தூக்கிக் காட்டினார். சிவப்பாக இருந்தது.

"ம். செதிலு எடுத்துக் குடு."

அப்பா என்னைப் பார்த்தார். கத்தி, அரிவாள்மனை எதையும் நாங்கள் எடுத்து வரவில்லை. செல்வாம்பாளே உள்ளே போய்த் தன் அரிவாள்மனையைக் கொண்டுவந்து போட்டார். கடலில் வாழ்நாளைக் கழித்த மனிதர் படியோரம் குந்தி, சங்கராவை வாலைப் பிடித்து உரசினார். செதில் எல்லாத் திசையிலும் தெறித்தது. எதிர்வீட்டு அம்மாவின் புடவையில் போய் ஒட்டியது.

"ஏம்ப்பா, நீ மீன் புடிக்கறவன்தான?"

"புடிக்கறது வேறம்மா."

எல்லாரும் சிரித்தார்கள். செல்வாம்பாளும் சிரித்தார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அன்று அந்தத் தெருவில் பெட்டி காலியானது. அப்பா முதல் தெருவுக்குத் திரும்பிப் போய், காய்ச்சல் என்று சொன்ன வீடுகளில் ஏறி இறங்கினார். நான் வண்டியருகே நின்றுகொண்டேன். ஒவ்வொரு வாசலிலும் அவர் நின்று ஒரே சொல்லைச் சொல்வது தூரத்திலிருந்து தெரிந்தது.

நான் ஓசூர் திரும்பினேன். பங்குனி நடுவில் ஒருநாள் அப்பா போன் செய்தார். மூச்சு வாங்கப் பேசினார்.

"எவனோ ஒருத்தன் மொபெட்ல வந்து என் தெருவுல மீன் விக்கறான் அபி."

"யாரு?"

"யாருன்னு தெரியல. எறங்குடான்னேன். எதுக்கு எறங்கணும், ரோடு உன்னுதான்னு கேக்கறான். ஆமான்டா, என்னுதுதான்னேன். வேம்பு அடுத்த தெருவுலேந்து கூடையக் கூட எறக்காம ஓடியாந்துச்சு. அது கத்துன கத்துல அவன் ஓடியே போய்ட்டான்."

"நீ என்ன பண்ண?"

"நானுந்தான் கத்துனேன்" என்றார் அப்பா.